ஜார்ஜ்டவுன் நீராவி மின்நிலையம், சியாட்டில்: டிராம் ஓட்டிய கட்டடத்தை எப்படிப் பார்ப்பது

மின்சார டிராம்களுக்காகக் கட்டிய மின்நிலையங்கள் உலகின் பல நகரங்களில் இன்றும் நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் மிஞ்சியது சுவர் மட்டுமே. சிட்னியின் அல்டிமோ நிலையம் அருங்காட்சியகமாயிற்று. பால்டிமோரின் பிராட் தெரு நிலையத்துக்குள் புத்தகக் கடையும் உணவகமும் வந்தன. இரண்டும் நல்ல மறுவாழ்வுதான், ஆனால் உள்ளே போனால் கூரை ஏன் அவ்வளவு உயரம், சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்று புரியாது. காரணமாக இருந்த எந்திரம் அங்கே இல்லை.

சியாட்டிலின் தென்பகுதியில், போயிங் ஃபீல்டு விமானநிலையத்தை ஒட்டி நிற்கும் ஜார்ஜ்டவுன் நீராவி மின்நிலையத்தில் எந்திரமும் கட்டடமும் சேர்ந்தே மிஞ்சியிருக்கின்றன. 1906இல் கட்டத் தொடங்கியது. சியாட்டில் எலக்ட்ரிக் கம்பெனி என்ற டிராம் நிறுவனத்துக்காக, பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டோன் அண்ட் வெப்ஸ்டர் குழுமம் எழுப்பியது. நீராவி உண்டாக்கிய பாய்லர்கள், அந்த நீராவியில் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டிய டர்பைன்கள், அளவுமானிகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கட்டடக்கலையிலோ எந்திரங்களிலோ கொஞ்சம் ஆர்வம் இருந்தாலும் அரைநாள் ஒதுக்க வேண்டிய இடம் இது.

முதலில் நேரக் கணக்கு. மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள்: இரண்டாம் சனிக்கிழமை, காலை 10 முதல் பிற்பகல் 2 வரை. கட்டணம் இல்லை. கிளம்புவதற்கு முன் நிலையத்தின் இணையதளத்தில் அந்த மாதத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பராமரிப்பு வேலைக்காக நாள் மாறக்கூடும். நான்கு மணி நேரமே திறந்திருப்பதால் பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் அவசரப்பட வேண்டிவரும். திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழைந்து, வழிகாட்டியோடு ஒரு சுற்று, பிறகு தனியே ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் சரியாக இருக்கும். தனியே சுற்றும்போதுதான் கட்டடம் கண்ணில் படும், முதல் சுற்றில் எந்திரங்களே கவனத்தை இழுத்துக்கொள்ளும்.

உள்ளே போவதற்கு முன் வெளியே நின்று பாருங்கள். இது செங்கல் கட்டடம் இல்லை, முழுக்கக் கம்பி கட்டிய காங்கிரீட். அமெரிக்காவில் மின்நிலையம் என்றால் செங்கல் சுவரும் எஃகுச் சட்டமும் என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு. வடிவமைத்து மேற்பார்த்தவர் ஃபிராங்க் கில்பிரெத். வேலையின் அசைவுகளைப் படம் பிடித்து ஆராய்ந்த அதே கில்பிரெத்தான். கொத்தனாராகத் தொழில் தொடங்கியவர், ஒரு செங்கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்துப் பெயர் வாங்கியவர். அவர் இங்கே செங்கல்லை விட்டுக் காங்கிரீட்டுக்குப் போனதை கவனிக்க வேண்டும். காங்கிரீட்டுக்குப் பயிற்சி பெற்ற கொத்தனார்கள் நிறையத் தேவையில்லை, பலகை அடிக்கத் தெரிந்த தச்சர்களும் கலவை சுமக்க ஆட்களும் இருந்தால் போதும். மணலும் சரளையும் பக்கத்திலேயே கிடைக்கும். தீப்பிடிக்காது என்பது இன்னொரு காரணம். அதே 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்திலும் அதற்குப் பின் வந்த தீயிலும் அழிந்தது. அதன்பின் மேற்குக் கரையில் காங்கிரீட்டின் மதிப்பு வேகமாக ஏறியது.

கில்பிரெத்தின் இன்னொரு பழக்கமும் இந்தக் கட்டடத்தில் பதிந்திருக்கிறது. வரைபடம் முழுதும் முடியும்வரை காத்திருக்காமல், ஒரு பகுதியை வரைந்துகொண்டே மற்றொரு பகுதியைக் கட்டுவது அவர் முறை. கூலியும் பொருளும் ஆகிற செலவை முதலாளி அப்படியே கொடுத்துவிட வேண்டும், அதன்மேல் தனக்கு முன்கூட்டியே பேசிய ஒரு நிலையான தொகை என்பதுதான் அவருடைய ஒப்பந்தம். செலவை ஏற்றினால் லாபம் ஏறும் என்ற நிலை ஒப்பந்தக்காரருக்கு வராது. வேகமாக முடித்தால் அடுத்த வேலைக்குப் போகலாம், அதுதான் அவருக்கு ஆதாயம். இன்றைக்குக் கட்டுமானத் துறையில் இது சாதாரணம், அன்றைக்குப் புதிது.

முகப்பு புதுச்செவ்வியல் பாணியில் இருக்கிறது: சுவரை அளவாகப் பிரிக்கும் தட்டைத் தூண்கள், அவற்றுக்கிடையே உயரமான பல கண்ணாடி ஜன்னல்கள், மேலே வெளிநீண்ட விளிம்பு. ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இந்த அலங்காரத்தை விட்டுவிடவில்லை. தனியார் டிராம் நிறுவனங்கள் நகராட்சியிடம் உரிமம் வாங்கித்தான் தெருவில் ஓட முடியும். நாங்கள் நிலைத்து நிற்கப் போகிறவர்கள் என்று ஊருக்குக் காட்டும் தேவை அவர்களுக்கு இருந்தது. ஆனால் இந்தச் செவ்வியல் முகத்தில் ஒட்டுவேலை குறைவு. தூண் நிற்கும் இடத்தில் உள்ளே உண்மையாகவே சுமை தாங்கும் தூண் நிற்கிறது. அலங்காரமும் சட்டகமும் ஒரே வார்ப்பில் வந்தவை. இந்த நேர்மைக்காகவே கட்டடக்கலை மாணவர்கள் இங்கே வர வேண்டும்.

சுவருக்கு நெருக்கமாகப் போய்ப் பாருங்கள். பழைய காங்கிரீட்டில் கம்பிக்கு மேல் உள்ள பூச்சு மெல்லியது. மழை ஊறி, கம்பி துருப்பிடித்து, துரு ஊதி, மேல்தோல் உதிரும். அந்தத் தலைமுறைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது. முதலில் தெரிவது விளிம்பின் அடிப்பகுதியிலும் ஜன்னல் அடிக்கட்டையிலும்தான், தண்ணீர் சொட்டி நிற்கும் இடங்கள் அவை. சியாட்டில் மழைக்கு நூறாண்டு தாண்டியும் 1949, 1965, 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகும் கட்டடம் நிற்கிறது என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2001இல் பக்கத்து விமானநிலையத்தின் ஓடுதளம் மண் இளகிச் சேதப்பட்டது, அதே ஆற்று வண்டல்தான் இங்கேயும் அடிநிலம்.

உள்ளே போனதும் எல்லோரும் டர்பைன் கூடத்துக்கே நேரே போகிறார்கள். அப்படிப் போக வேண்டாம். எரிபொருள் போன வழியிலேயே போங்கள்: முதலில் பாய்லர் கூடம், அடுத்து டர்பைன், அதற்கடுத்து குளிர்விப்பான், கடைசியில் மேல்தளத்து மின்பலகைகள். இந்த வரிசையில் நடந்தால் கட்டடத்தின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் தெரியும்.

பாய்லர் கூடத்தில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நீர்க்குழாய் பாய்லர்கள் 16. டர்பைன் மூன்றுதானே, பாய்லர் ஏன் பதினாறு என்று தோன்றும். அன்றைய பாய்லர் ஒவ்வொன்றும் சிறியது, தண்ணீரில் உள்ள உப்பு குழாய்க்குள் செதிலாகப் படியும், வெளியே கரி படியும். செதில் தடித்தால் வெப்பம் தண்ணீருக்குள் போகாது, குழாய் சிவந்து வெடிக்கும். அதனால் எந்த நேரமும் ஒன்றிரண்டு பாய்லர் நிறுத்தி, ஆறவிட்டு, சுரண்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவை ஓடும். டிராம் சுமை வேறு சீராக இருக்காது. காலையிலும் மாலையிலும் ஏறும், நடுப்பகலில் இறங்கும். ஏறும் நேரத்துக்கு முன்பே கூடுதல் பாய்லர்களைச் சூடேற்றி வைக்க வேண்டும். பல சிறு பாய்லர்கள் இருந்தால்தான் இது முடியும். கூடத்தின் நீளம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

தொடக்கத்தில் எண்ணெய் எரித்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் எண்ணெய் விலை ஏறியதும் நிலக்கரியும் எரிக்க ஏற்றபடி மாற்றினார்கள். இந்த மாற்றத்தின் தழும்புகளைத் தேடிப் பாருங்கள். எண்ணெய்க்குக் குழாய் போதும், நிலக்கரிக்குக் கொட்டுமிடமும் ஏற்றுமிடமும் சாம்பல் வாரும் வழியும் வேண்டும். எண்ணெய்க்காக வரைந்த கூடத்துக்குள் இவற்றை எங்கே திணித்தார்கள் என்று பார்ப்பது நல்ல பாடம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இங்கே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தரை சமமில்லை.

இனி டர்பைன் கூடம். ஜெனரல் எலக்ட்ரிக் செய்த கர்ட்டிஸ் செங்குத்து டர்பைன்கள் இரண்டு, 3,000 கிலோவாட் ஒன்று, 8,000 கிலோவாட் ஒன்று. பிறகு வந்த 10,000 கிலோவாட் கிடைமட்ட டர்பைன் ஒன்று. இயங்கக்கூடிய நிலையில் எஞ்சிய செங்குத்து கர்ட்டிஸ் டர்பைன்கள் என்பதால்தான் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் 1980இல் இந்த இடத்தைச் சின்னமாக அறிவித்தது. 1984இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று.

இவை ஏன் முக்கியம் என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. 1900 வரை மின்நிலையம் என்றால் பிஸ்டன் எந்திரம். சில ஆயிரம் கிலோவாட்டுக்கு இரண்டு மாடி உயரம், வீடு அளவு சக்கரம், நிமிடத்துக்கு எழுபது எண்பது சுற்று. டர்பைன் வந்தது, ஆனால் அதற்கு ஒரு சிக்கல். நீராவி முனைக்குழலிலிருந்து வினாடிக்கு ஆயிரம் மீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகம் முழுவதையும் ஒரே சக்கரத்தில் பிடிக்க வேண்டுமானால் சக்கரம் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில் ஓட வேண்டும். ஜெனரேட்டர் அதைத் தாங்காது. சார்லஸ் கர்ட்டிஸ் 1896இல் காப்புரிமை பெற்ற வழி எளியது: சக்கரத்தின் விளிம்பில் ஒரு வரிசை இலைகளில் (வளைந்த தகடுகளில்) வேகத்தின் ஒரு பங்கை எடுத்துக்கொள், நகராத இலை வரிசையால் திசையைத் திருப்பு, அடுத்த சுழலும் வரிசையில் மறுபங்கை எடு. சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் நீராவி வீணாகாது.

ஜெனரல் எலக்ட்ரிக் அதைச் செங்குத்தாக நிறுத்தியது. கீழே டர்பைன், மேலே ஜெனரேட்டர், நடுவில் ஒரே தண்டு. தரையில் இடம் மிகக் குறைவு, நகரத்து மனை விலைக்கு அது பெரிய சேமிப்பு. 1903இல் சிகாகோவின் ஃபிஸ்க் தெரு நிலையத்தில் 5,000 கிலோவாட் எந்திரம் ஒன்று ஓடத் தொடங்கியதும் பிஸ்டன் எந்திரத்தின் காலம் முடிந்தது. ஜார்ஜ்டவுன் அதற்கு மூன்றாண்டு பின்னால் வந்தது.

பல டன் எடையுள்ள சுழலும் பாகம் பம்பரம் மாதிரி ஒரே நுனியில் நிற்கிறது. அந்த நுனியில் இரண்டு வார்ப்பிரும்பு வட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. நடுவிலுள்ள குழிவுக்குள் சதுர அங்குலத்துக்குப் பல நூறு பவுண்டு அழுத்தத்தில் எண்ணெயோ தண்ணீரோ செலுத்துவார்கள். மேல்வட்டு மயிரிழை உயர்ந்து, அந்தப் படலத்தின்மேல் மிதந்து சுற்றும். பம்ப் ஒருகணம் நின்றால் இரும்பும் இரும்பும் உரசும். இலைகளுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி போய்விடும், எந்திரம் தன்னையே தின்றுவிடும். அதனால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் எடைத்தொட்டியும் மாற்று பம்பும் இந்த வகை நிலையங்களில் கட்டாயம். இதோடு, கீழ்ப்படி இலைகளைப் பழுது பார்க்க மேலுள்ள ஜெனரேட்டரை முழுதாகத் தூக்கி எடுக்க வேண்டும். கூடத்தின் உயரமும் மேலே ஓடும் பளுதூக்கியும் அதற்காகத்தான். பத்தாண்டுக்குள் செங்குத்து வகையைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது எந்திரம் படுத்திருப்பதன் காரணம் இதுதான். நிற்பதும் படுத்திருப்பதும் ஒரே கூடத்தில் பக்கம் பக்கமாக இருப்பதால், தொழில்நுட்பம் திரும்பிய இடத்தை நேரில் பார்க்கலாம். வழிகாட்டியிடம் அடித்தண்டுத் தாங்கியைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால்தான் கீழே குனிந்து பார்க்கத் தோன்றும்.

கட்டடம் ஏன் ஆற்றோரம் என்பதற்கு விடை குளிர்விப்பானில் இருக்கிறது. டர்பைன் நல்ல வெற்றிடத்தில்தான் திறமையாக ஓடும், வெற்றிடம் வேண்டுமென்றால் வெளியேறும் நீராவி உடனே குளிர்ந்து தண்ணீராக வேண்டும். அக்கால டர்பைன் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 7 முதல் 9 கிலோ நீராவி குடித்தது. 8,000 கிலோவாட் எந்திரம் முழுச்சுமையில் ஓடினால் மணிக்கு 64 டன் நீராவி என்று வையுங்கள். ஒரு கிலோ நீராவியைக் குளிர்விக்க ஐம்பது கிலோ ஆற்றுநீர். மணிக்கு 3,200 டன். அவ்வளவு தண்ணீரை டுவாமிஷ் ஆற்றின் ஒரு வளைவு தந்தது. பிறகு கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றை நேராக்கினார்கள், வளைவு போயிற்று, ஆறு நிலையத்தை விட்டு விலகியது. பம்ப் கொட்டகையும் கால்வாயும் கட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து திரும்ப விட வேண்டியதாயிற்று. இன்றைக்கு நிலையத்தைச் சுற்றி ஆறே தெரியாது, விமான ஓடுதளம்தான் தெரியும். பழைய வரைபடம் ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு போனால் இந்த இடமாற்றம் சட்டென்று பிடிபடும்.

மேல்தளங்களில் மின்பலகைகள். டிராமுக்கு வேண்டியது சுமார் 600 வோல்ட் நேர்மின்னோட்டம். அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் நீண்ட தூரம் அனுப்பினால் மின்சாரம் கம்பியிலேயே கரைந்துவிடும், ஊர்க்கோடியில் டிராம் ஊர்ந்துதான் போகும். அதனால் மாறுமின்னோட்டமாக உண்டாக்கி, உயர் மின்னழுத்தத்தில் அனுப்பி, தேவைப்படும் இடத்தில் சுழல் எந்திரங்களால் நேர்மின்னோட்டமாக மாற்றினார்கள். சியாட்டில் நகர டிராம்களுக்கும், 1902 முதல் 1928 வரை டக்கோமாவுக்கு ஓடிய ஊரிடை ரயிலுக்கும் இங்கிருந்து மின்சாரம் போனது, ஜார்ஜ்டவுன் ஊருக்கு விளக்கும் எரிந்தது.

இவ்வளவு செலவில் கட்டிய நிலையம் மிகக் குறைந்த ஆண்டுகளே முழு உழைப்புக் கொடுத்தது. மலையருவிகளில் நீர்மின்சாரம் மலிவாக வந்துவிட்டதால், வறட்சிக்கும் உச்ச நேரத்துக்கும் மட்டும் இதைக் கிளப்பினார்கள். சியாட்டிலின் கடைசி டிராம் 1941 ஏப்ரலில் நின்றது. 1951இல் நகராட்சியின் மின்வாரியமான சியாட்டில் சிட்டி லைட் நிலையத்தை வாங்கியது, அந்தப் பத்தாண்டுக்குப் பிறகு மின் உற்பத்தி இல்லை. ஆனால் 1970கள் வரை அவசரத்துக்கென்று தயார்நிலையில் வைத்திருந்தார்கள். எண்ணெய் போட்டு, துடைத்து, உதிரிகளைக் காத்தார்கள். பழைய இரும்புக்காரருக்கு விற்காமல் தப்பியது அதனால்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு நான்கு மணி நேரம் என்பது இந்தத் தரத்துச் சின்னத்துக்குப் போதாது. டர்பைன்கள் இன்று நீராவியில் ஓடுவதில்லை, ஓசையும் சூடும் இருந்த இடம் என்பதை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். சூடேற்றும் வசதி இல்லை, காங்கிரீட் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையிலும் ஒரு மேலுடுப்பு வேண்டும். மேல்தளங்களுக்குச் செங்குத்தான இரும்புப் படிகள். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதன்மைத் தளத்தோடு நிறுத்திக்கொள்ள நேரிடும். கட்டடத்தைவிட எந்திரங்களைப் பற்றியே பேச்சு அதிகம். கில்பிரெத்தின் காங்கிரீட் முறையை விளக்கிச் சொல்ல ஒரு தனிச் சுற்று வைத்தால் இந்த இடத்தின் மறுபாதி திறக்கும்.

காலணி மூடியதாக, அடியில் வழுக்காததாக இருக்கட்டும். புகைப்படத்துக்கு அகலக் கோண லென்ஸ் வேண்டும், செங்குத்து டர்பைன் சாதாரண லென்ஸில் அடங்காது. ஜன்னல் வெளிச்சம் கடுமையாகவும் எந்திர நிழல் அடர்த்தியாகவும் இருப்பதால் மேகமூட்டமான நாளில்தான் படம் நன்றாக வரும். பெல்வியூ, ரெட்மண்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கார்தான் வசதி. நகரத்திலிருந்து 124ஆம் எண் பேருந்து ஜார்ஜ்டவுன் வழியே போகிறது, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஏர்போர்ட் வே சாலைக்குப் போய்விடுங்கள், பழைய பீர் ஆலைக் கட்டடத்தின் செங்கல் வரிசையை அங்கே பார்க்கலாம், பக்கத்துக் காங்கிரீட்டோடு ஒப்பிட நல்ல வாய்ப்பு. விமான அருங்காட்சியகம் ஓடுதளத்தின் மறுபக்கத்தில், காரில் பத்து நிமிடம். பிள்ளைகளோடு வருபவர்கள் மின்நிலையத்தைக் காலையிலும் அதைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம். வரிசையை மாற்றினால் மின்நிலையம் மூடிவிடும்.